வலையில்லாமல் கடலுக்குப் போனவர்

போன வாரம் சிதம்பரம் போய் டாக்டர் படத்துக்கு மாலை போட்டுவிட்டு வந்தேன். என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்காமல் காப்பாற்றிய பல்வேர் ஸ்பெஷலிஸ்ட். படத்திலும் பாய்மரப் படகில்தான் உட்கார்ந்திருக்கிறார். முகம் நிறையச் சிரிப்பு. செத்துப்போன மனிதரைப் பார்த்துப் பொறாமைப்படலாமா? பட்டேன்.

நான் ஐந்தாம் வகுப்போடு கடலுக்கு மீன் பிடிக்கப் போனவன், கூச்சக்காரன் — இந்தப் பத்தியைப் படிக்கிற உங்களுக்குத் தெரியும். அவர் காலேஜ் நாளிலிருந்து எழுபது வயது வரை, ஞாயிறு தவறாமல் கடலூர் வந்து படகு ஓட்டியவர். பந்தயம் எங்கே நடந்தாலும் போவார். நான் வெறும் படகோடு திரும்பினால் வீட்டில் முகம் சுளிப்பார்கள். அவர் வெறும் படகோடு திரும்பினால் கோப்பை கொடுப்பார்கள்! கிளினிக் அலமாரி முழுக்கக் கோப்பைகள். வாயைப் பிளந்து படுத்தபடி அதையேதான் பார்த்துக்கொண்டிருப்பேன்...

ஒருநாள் என் வாயில் பஞ்சை அடைத்துவிட்டுச் சொன்னார்.

"ஞாயித்துக்கெழமை ரேஸு. கூட வர்ற ஆளுக்குக் காய்ச்சல். பாய்க்கயிறு புடிக்க நீ வாப்பா. எங்கெங்கியோ ஜெயிச்சிட்டேன், நம்ம கடலூர்ல மட்டும் ஜெயிச்சதே இல்ல."

மறுக்க வாய் ஏது? தலையாட்டினேன்.

ஞாயிறன்று கடலூர் தேவனாம்பட்டினம் கரை முழுக்க எங்கள் ஆட்கள். "இன்னா மச்சான், வலைய மறந்துட்டியா?" என்று கத்தினார்கள். குனிந்த தலை நிமிராமல் கயிற்றைப் பிடித்தேன். ஆனால் கடைசித் திருப்பத்தில் — நாங்கள்தான் முதல்!

அப்போது பார்த்தேன். இடது பக்கம் ஆலாப் பறவைகள் கூட்டமாகத் தண்ணீரில் பாய்ந்துகொண்டிருந்தன. கீழே மத்திக் கூட்டம்.

"மீனு சார், மீனு!"

எழுந்தேவிட்டேன். இரண்டு கையும் இல்லாத வலையைத் தேடின. கயிறு நழுவியது. பாய் படபடவென்று அடித்தது. படகு நின்றுவிட்டது. இரண்டு படகுகள் எங்களைத் தாண்டிப் போயின.

திட்டுவார் என்று காத்திருந்தேன். டாக்டர் பறவைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எவ்ளோப்பா இருக்கும்?"

"ரெண்டு படகு ரொம்பும் சார்."

"அடப்பாவி! அம்பது வருஷமா இதுங்க மேலயே போய்ட்டு வரேன், ஒருநாளும் கண்ல பட்டதில்ல!"

கரை சேரும்வரை விழுந்து விழுந்து சிரித்தார்.

கோப்பைகள்கூடப் பரவாயில்லை. தோற்றுவிட்டு ஒருவர் எப்படி இப்படிச் சிரிக்க முடியும்? மீன் தப்பிய நாளில் எனக்குச் சோறு இறங்கியதே இல்லை.

மாலை போட்டுவிட்டு வந்து வீட்டில் இதையே புலம்பினேன். "நீயும் ஒருநாளு வலையில்லாம போயிட்டு வாயேன்யா, யாரு வேணான்றா?" என்றாள் மனைவி.

இந்த ஞாயிறு போனேன். இன்ஜினை நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்தேன். காற்று நன்றாகத்தான் இருந்தது — ஆலாக்கள் இறங்கும்வரை. அடுத்த கால் மணி நேரத்தில் கரைக்கு வந்து வலையை ஏற்றிக்கொண்டு ஓடினேன்.

மீன் நிறையக் கிடைத்தது. சிரிப்புதான் வரவில்லை.