சுவரில் நேராக நின்றவர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய், ஆவி, சூனியம் என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். கல்லூரியில் ஐரோப்பிய வரலாறு நடத்துகிறேன், மறுமலர்ச்சிக் காலத்தில் ஆரம்பித்து அறிவொளிக் காலத்தில் முடிகிற பாடம். சூனியக்காரி என்று பட்டம் கட்டிப் பெண்களைக் கொளுத்திய கதையை வருஷா வருஷம் சொல்லி, பயந்தாங்கொள்ளிகள் கையில் அதிகாரம் வந்தால் இப்படித்தான் ஆகும் என்று முடிப்பேன். அப்படிப்பட்டவள்தான் இதைச் சொல்கிறேன். நீங்கள் நம்பாவிட்டால் எனக்கொன்றும் நஷ்டமில்லை.

கல்கத்தாவில், லேக் கார்டன்ஸில் எங்களுடையது பழைய வீடு. அப்பா பேங்கில் ஆபீசராக இருந்தபோது வாங்கியது. அம்மா சீக்கிரமே போய்விட்டாள். அண்ணா ரகு பெங்களூரில் வேலை, மன்னி, நல்ல சம்பளம் என்று செட்டிலாகிவிட்டான். அப்பா பக்கவாதத்தில் விழுந்த பிறகு அவரைக் குளிப்பாட்டி, ஊட்டி, புரட்டிப் படுக்கவைத்தது நான். அதைப் பெருமைக்குச் சொல்லவில்லை, வேறு யாரும் இல்லை, அவ்வளவுதான்.

அப்பா அறையில் தெருவைப் பார்த்த மரச் சன்னல். அதை இறுக்கிச் சாத்தினால் அறை கும்மிருட்டு. சன்னல் கதவுப் பலகையில் ஒரு சின்னத் துளை இருந்தது. மதிய வெயில் தெருவில் அடிக்கும்போது அந்தத் துளை வழியாக வெளிச்சம் நுழைந்து எதிர்ச் சுவரில் தெரு முழுவதும் விழும், தலைகீழாக. மரம், ரிக்‌ஷா, குடை பிடித்துப் போகிறவர்கள், எல்லாம் வண்ணத்தோடு, அசைவோடு.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. அந்தக் காலத்து ஐரோப்பிய ஓவியர்கள் சிலர் இந்த மாதிரி இருட்டறைக்குள் உட்கார்ந்து, விழுகிற பிம்பத்தின் மேலேயே கோடு இழுத்து வரைந்தார்கள். பார்த்தவர்களில் சிலர் சாத்தானின் வேலை என்று நடுங்கினார்கள். பின்னால் வந்த தத்துவக்காரர்கள், மனித மனமே இப்படி ஓர் இருட்டறைதான், வெளியே இருப்பதுதான் உள்ளே வர முடியும் என்றார்கள். மாணவர்களை வீட்டுக்கே கூட்டிவந்து இதைக் காட்டியிருக்கிறேன்.

அப்பாவுக்கு அதுதான் டீவி. ஆனால் அவர் வேடிக்கை பார்க்கவில்லை, காத்துக்கொண்டிருந்தார். சுவரில் ஒரு மஞ்சள் டாக்ஸி தலைகீழாக வந்து நின்றால் போதும், குழறிய வாயால் கேட்பார்.

"ரகுவா பாரு."

"இல்லைப்பா. எதிராத்துக்கு யாரோ வந்திருக்கா."

கையில் கஞ்சிக் கிண்ணத்தோடு நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். என்னை ஒரு தரம்கூட அவர் அப்படித் தேடியதில்லை. வயிற்றெரிச்சலாகத்தான் இருக்கும், இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். கடைசிவரை அந்த டாக்ஸி வரவில்லை. காரியத்துக்கு அண்ணா விமானத்தில் வந்து விமானத்தில் போனான்.

அப்புறம் போன வருஷம், திவசத்தைக் கல்கத்தாவிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று அவனே போன் செய்தான். எனக்குத் தெரியாதா, அவனுக்குத் திவசம் ஒரு சாக்கு. வீட்டை இடித்து அடுக்குமாடி கட்ட ஒரு புரமோட்டர் அவனை விடாமல் நச்சரித்துக்கொண்டிருந்தார். நம்பிக்கையில்லாத நான் விடியற்காலையில் தலைக்குக் குளித்து மடியாகச் சமைக்கலாமாம். எள்ளும் தண்ணீரும் விட மட்டும் பிள்ளைதான் வேண்டுமாம். விட்டான். சாஸ்திரிகள் சாப்பிட்டுக் கிளம்பினார். அண்ணாவும் சாப்பிட்டுவிட்டு, அப்பா அறையில் சன்னலைச் சாத்திக்கொண்டு அவர் கட்டிலிலேயே சாய்ந்தான். நான் மோர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"நீ ஒண்டிக்கட்டை. உனக்கெதுக்கு மீனா இத்தனை பெரிய வீடு?"

"இது நான் இருக்கற வீடு."

"சென்டிமென்ட் பேசாதே. சாயங்காலம் அவர் வரார், கையெழுத்துப் போட்டுடு."

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அண்ணா என்னைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். நானும் திரும்பினேன்.

சுவரில் தெரு வழக்கம்போலத் தலைகீழாக இருந்தது. நடுவில் அப்பா நின்றுகொண்டிருந்தார். வெள்ளை வேஷ்டி, அரைக்கைச் சட்டை, கக்கத்தில் குடை. பேங்குக்குப் போன காலத்து அப்பா. சுற்றிலும் மனிதர்கள் காலை மேலே வைத்து நடக்க, அவர் மட்டும் நேராக நின்றார்.

புரிகிறதா உங்களுக்கு? வெளியே நிற்கிற எதுவாக இருந்தாலும் அந்தச் சுவரில் தலைகீழாகத்தான் விழ வேண்டும். அவர் நேராக இருந்தார். அப்படியென்றால் அவர் வெளியே இல்லை.

சன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தேன். தெருவில் அந்த மாதிரி யாரும் கிடையாது. மறுபடி சாத்தினேன், இருந்தார். படித்த புத்தி சும்மா இருக்குமா, விரலால் துளையை அடைத்தேன். தெரு அணைந்துபோயிற்று. அப்பா அணையவில்லை. அவ்வளவு இருட்டிலும் அண்ணாவையே பார்த்துக்கொண்டு நின்றார். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை, ஆனால் அது என்ன என்று என்னைத் தவிர யாருக்குத் தெரியும்.

"வந்துட்டேம்ப்பா" என்றான் அண்ணா. சின்னப் பிள்ளை மாதிரி அழுதான்.

பக்கத்திலேயே நான் நின்றேன். என் பக்கம் அவர் கண் திரும்பவே இல்லை. பயத்தைவிட எனக்கு ஆத்திரம்தான் வந்தது. செத்தும் நான் கண்ணில் படவில்லை. விரலை எடுத்ததும் தெரு திரும்ப வந்தது, அவர் இல்லை.

அண்ணா அன்றைக்கு இரவே கிளம்பிவிட்டான். புரமோட்டரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டான். வீட்டை நீயே வைத்துக்கொள் என்றான். வீடு எனக்கு, அப்பா அவனுக்கு என்று கசப்பாக நினைத்துக்கொண்டேன்.

அது எவ்வளவு சரி என்று மன்னி போன் செய்தபோதுதான் தெரிந்தது. பெங்களூரில் அவர்கள் இருப்பது உச்சி மாடி. அண்ணா கெட்டித் திரை வாங்கி மாட்டி, அதில் ஓட்டை போட்டு, லீவு நாள் மதியமெல்லாம் எதிரே உட்கார்ந்துகொள்கிறானாம்.

"சுவத்துல அப்பா நேரா நிக்கறார் மீனா. நானும் பாத்துட்டேன்."

"அண்ணாவோட சந்தோஷமா இருக்காராக்கும்."

"எங்கே? இவரைத் திரும்பிக்கூடப் பாக்கறதில்லை. வாசப்பக்கமே பாத்துண்டு உதட்டை அசைக்கறார். 'மீனாவா பாரு'ன்னு கேக்கறாராம், இவர் சொல்றார். நீ ஒரு தரம் வந்துட்டுப் போயேன்."

சிரித்துவிட்டேன், எனக்கே பிடிக்காத சிரிப்பு. கூட இருக்கிறவர்கள் என்றைக்குமே அவருக்குப் போதாது. நான் அங்கே போனால் மறுபடி ரகுவைத் தேடி இங்கே வந்து நிற்பார். வர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

அன்றைக்கே துளையில் மரத்தக்கை அடித்து, மேலே கறுப்புத் துணியும் ஒட்டிவிட்டேன். இப்போது மதியத்தில் அந்த அறையில் ஊசி நுழையும் வெளிச்சம்கூடக் கிடையாது. எங்கள் தெருவில் மஞ்சள் டாக்ஸி வருவதும் அபூர்வமாகிவிட்டது.

ஆனாலும் தினம் மதியம் அந்தச் சுவரில் மஞ்சள் டாக்ஸி ஒன்று வந்து நிற்கிறது. நேராக நிற்கிறது. பின்கதவு திறந்திருக்கிறது, உள்ளே யாரும் இல்லை.