தொட்டுட்டேன் அக்கா

அந்த வார்டுக்கு வரும் நர்சிங் மாணவிகள் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'தொட்டுட்டேன் அக்கா' என்பார்கள். கேலிப் பெயர்தான். ஆனாலும் இப்படியொரு பட்டம் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

படிக்கும்போது அவளுக்கு 'ஒரே குத்து' என்று பெயர். பயிற்சி அறையின் ரப்பர் கையில் டிரிப் ஊசி போடுவதில் புலி. ஒரு பழக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டது. ஸ்பிரிட்டால் துடைத்த பிறகும், நரம்பு அங்கேயே இருக்கிறதா என்று விரலால் ஒருமுறை அழுத்திப் பார்ப்பாள். ரப்பர் கைக்குச் சீழா பிடிக்கப் போகிறது? யாரும் கண்டுகொள்ளவில்லை.

கடைசி வருடச் செய்முறைத் தேர்வு வந்தது. கோட்டை விட்டால் ஆறு மாதம் கழித்துத்தான் மறுதேர்வு. பஸ் ஓட்டும் அப்பாவோ, மகள் நர்ஸாகிவிட்டாள் என்று டிப்போ முழுக்க முன்கூட்டியே தம்பட்டம் அடித்துவிட்டார்.

கட்டிலில் ஒரு லாரி டிரைவர். ஆள் பீரோ மாதிரி இருந்தார். ஊசியைக் கண்டதும் நடுங்கினார்.

"நேத்தே மூணு குத்து வாங்கிட்டேம்மா. பாத்துப் போடு."

"பயப்படாதீங்கண்ணா."

கையுறை மாட்டி, அவர் கையில் ரப்பர் பட்டை கட்டி, நரம்பைப் பிடித்து, துடைத்து, காயவிட்டாள். ஊசியை எடுத்ததும் விரல் தன் பாட்டுக்குப் போய் அந்த இடத்தை அழுத்தியது. சற்றுமுன் கட்டில் கம்பியைப் பிடித்த விரல். அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

தேர்வாளர் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். பேசாமல் ஏற்றிவிடலாம். நாளைக்குக் கை வீங்கினால் யாரால் என்று யாருக்குத் தெரியும்?

"மேடம், துடைச்ச இடத்தைத் தொட்டுட்டேன். மறுபடி துடைக்கணும்."

"நான் பாக்கலையே."

"நான் பாத்தேன் மேடம்."

தேர்வாளர் பேனாவை மூடினார். "இதுக்கு ஃபெயில்னு தெரியுமில்ல? தள்ளு, நான் போடறேன்."

டிரைவர் சட்டென்று கையைப் போர்வைக்குள் ஒளித்துக்கொண்டார். "அந்தப் பொண்ணு போட்டாத்தான் நீட்டுவேன்."

தேர்வாளர் விலகிக்கொள்ள, அவள் கையுறையை மாற்றி, மறுபடி துடைத்து, தொடாமல் போட்டாள். ஒரே குத்து. ஊசி நரம்பில் இறங்கியதற்கு அடையாளமாகக் குழாயில் ரத்தம் எட்டிப் பார்த்தது. ஃபெயில் ஃபெயிலாகவே நின்றது.

வீட்டில் அப்பா கேட்டார்: "ஊசி இறங்கலையா?"

"இறங்குச்சுப்பா." நடந்ததைச் சொல்லி அழுதாள். மறுநாள் டிப்போவில் அப்பா தம்பட்டத்தை நிறுத்தவில்லை. சேதியைத்தான் மாற்றினார்.

மறுதேர்வில் தேறி அந்த வார்டுக்கு நர்ஸாக வந்தாள். அங்கே மாணவிகள் யாருக்காவது துடைத்த இடத்தில் கை தவறிப் பட்டுவிட்டால் திருட்டு முழி முழிப்பதில்லை. "அக்கா, தொட்டுட்டேன்" என்று சத்தமாகவே சொல்கிறார்கள். அவள் திட்டுவதில்லை. புதுப் பஞ்சை எடுத்து நீட்டுகிறாள்.