பிளக்கைப் பிடுங்கும் அக்கா

எங்கள் மருத்துவமனை ரத்த வங்கியில் அவரைப் ‘பிளக்கு அக்கா’ என்றுதான் கூப்பிடுவோம். சம்பளப் பட்டியலில் பதிவு எழுத்தர். எந்தப் பையில் எந்த ரத்தப் பிரிவு, அது எந்தக் குளிர்பெட்டியில் எந்தத் தட்டில் இருக்கிறது, பரிசோதனையில் தேறியதா கழிந்ததா என்பதெல்லாம் அவர் காக்கும் டேட்டாபேஸில் இருக்கிறது. அதை அமைத்துக் கொடுத்தவர் வேலையை விட்டுப் போனபோது விட்டுச் சென்றது தடித்த கையேடு ஒன்றுதான். அக்கா அதைச் சாப்பாட்டு இடைவேளையில் தினம் இரண்டு பக்கம் என்று பென்சிலோடு படித்து முடித்தார். இப்போது அந்தப் புத்தகத்தின் ஓரங்களில் அச்சைவிட பென்சில் எழுத்து அதிகம்.

டேட்டாபேஸ் வயதாகித் தளர்ந்திருந்தது. அவசரப் பிரிவிலிருந்து ஆள் ஓடி வந்து நிற்கும்போது ஒரு பையைத் தேட நாற்பது நொடி எடுத்தது. கண் சிமிட்டும் நேரத்தில் தேடும் புதிய பதிப்பு ஆறு வாரத்தில் வரும் என்று அதைச் செய்பவர்கள் அறிவித்தார்கள். வந்த வாரமே மாறிவிடுவது என்று எங்கள் பெரிய டாக்டர் முடிவு செய்துவிட்டார்.

“வெளியிடுறதுக்கு முன்னாடி சோதிச்சுப் பாக்கன்னு முன்னோட்டப் பதிப்பு இப்பவே கிடைக்குது சார். போட்டுப் பாத்துட்டு சொல்றேன்,” என்றார் அக்கா.

“பாரும்மா, யாரு வேண்டாம்னா?”

“எதுல போட்டுப் பாக்க? தனியா ஒரு மெஷின் வேணும்.”

“அந்தப் பதிப்பு இலவசம்னு நீதானே சொன்ன?”

“யானை இலவசந்தான் சார். கட்டி வைக்க இடம் வேணாமா?”

டாக்டர் சிரித்தார். ஆனால் அந்த ஆண்டு புது மெஷின் வாங்க வழியில்லை.

அக்காவுக்கு இருந்த பயம் இதுதான். பரிசோதனைக் கூடத்தில் நான் ஒரு பையைக் கழித்து, ‘கழிந்தது’ என்று பதிகிறேன். திரை ‘சேமித்தாயிற்று’ என்கிறது. அந்த நொடியில் மின்சாரம் போய்த் திரும்பி வரும்போது அந்தப் பதிவு காணாமல் போனால், கெட்ட பை நல்ல பையாகத் தட்டில் உட்கார்ந்திருக்கும்.

அதனால் எந்தப் பதிப்பையும் ஒரே விதமாகத்தான் சோதிப்பார். பதிவுகள் வரிசையாக ஏறிக்கொண்டிருக்கும். டேட்டாபேஸ் ‘சேமித்தாயிற்று’ என்று சொல்லச் சொல்ல, அந்தப் பதிவின் எண் பக்கத்திலுள்ள இன்னொரு கணினியின் திரையில் ஓடும். நடுவில் பிளக்கைப் பிடுங்குவார். மறுபடி கிளப்பி, கடைசியாகச் சொன்ன எண் வரை உள்ளே எல்லாம் இருக்கிறதா என்று பார்ப்பார். சோதனைக்கு ரத்தம் கொடுத்தவர்களின் பெயர்களைப் பயன்படுத்த மாட்டார். கத்தரிக்காய், வெண்டைக்காய், பாகற்காய் என்று காய்கறிக் கடையே உள்ளே இருக்கும்.

முதலில், இணையம் வழியாகவே பயன்படுத்தும்படி ஒரு நிறுவனம் இலவசமாகக் கொடுத்த சிறு கணினியில் முயன்றார். இரண்டே நாளில் விட்டுவிட்டார். “அது எங்கேயோ இருக்கு. அதோட பிளக்கு என் கையில இல்லையே,” என்றார். அடுத்து, கணவரின் ஜெராக்ஸ் கடைக் கணினி, கடை விடுமுறை நாளில்.

“வாரத்துல ஒரு நாள் லீவு. அன்னைக்காவது என்னைக் கொஞ்சம் கவனியேன்,” என்றாராம் கணவர்.

“உங்களை இருபது வருஷமா டெஸ்ட் பண்ணியாச்சு. இனிமே புதுசா என்ன கண்டுபிடிக்கப் போறேன்?”

இரண்டாவது வாரம் அந்தக் கணினி கிளம்பவே மறுத்தது. கணவர் அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

கடைசியில் அக்கா போய் நின்ற இடம், ஏலத்துக்கான பழைய சாமான்கள் கிடக்கும் அறை. கால் உடைந்த கட்டில்களுக்குப் பின்னால் எக்ஸ்ரே பிரிவு கழித்த கணினிகள் மூன்று இருந்தன. ஏலம் வரை பயன்படுத்த அனுமதி கேட்டு எழுதிக் கொடுத்து, மூன்றிலிருந்தும் நல்ல உறுப்புகளைக் கழற்றி ஒன்றாக்கினார். அதன் டிஸ்க் ஆமை வேகம். அதில் முன்னோட்டப் பதிப்பை ஏற்றி, தினம் மதியம் பத்து முறை பிளக்கைப் பிடுங்கினார்.

“அக்கா, இது மூணாவது சாக்கெட்டு. நீங்க பிடுங்குற வேகத்துல சுவரே கையோட வந்துரும்,” என்றார் எலெக்ட்ரீஷியன்.

“சுவர் வந்தா ஒட்டிக்கலாம் தம்பி. பதிவு போனா ஒட்ட முடியாது.”

நாற்பத்தோராவது முறை, 4,812 வரை சேமித்ததாகத் திரை சொன்னது. உள்ளே இருந்தது 4,811 வரைதான். 4,812 ஒரு பாகற்காய், கழிந்த பை. அக்கா மூன்று தடவை எண்ணினார். பிறகு, டேட்டாபேஸ் செய்பவர்களுக்கு எழுதினார். ‘எங்கள் வேகமான மெஷின்களில் அப்படி நடக்கவில்லை, உங்கள் பழைய டிஸ்க்தான் பழுது’ என்று அவர்களிடமிருந்து பதில் வந்தது.

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்,” என்றார் அக்கா. ஆனாலும் கூடம் உண்மையிலேயே கோணலா என்று பார்க்காமல் அவர் விடவில்லை. அதே டிஸ்கில், அதே பிளக்கோடு, நாங்கள் அன்றாடம் பயன்படுத்தும் பழைய பதிப்பை ஏற்றினார். மதியத்தோடு நிற்காமல் மாலையிலும் இருந்து நூறு முறை பிடுங்கினார். ஒன்றுகூடத் தொலையவில்லை. மறுபடி முன்னோட்டப் பதிப்பு, நூறு முறை. மூன்று பாகற்காய், ஒரு புடலங்காய் போயின. இரண்டு பட்டியலையும் சேர்த்து அனுப்பினார். அதில் ஒரு வசைச் சொல்கூட எழுதவில்லை.

இதற்குள் ஐந்தாவது வாரம் முடிந்திருந்தது. பெரிய டாக்டர் வாசலில் வந்து நின்றார்.

“என்னம்மா, திங்கட்கிழமை மாத்திரலாமா?”

“வேண்டாம் சார்.”

“ஒரு பாகற்காய்க்காகவா?”

“அந்தப் பாகற்காய் உங்க நோயாளிக்கு ஏறும் சார்.”

டாக்டர் மேஜையில் இருந்த இரண்டு பட்டியலையும் எடுத்துப் பார்த்தார். “சரி, நீ சொல்றப்ப மாத்தலாம்,” என்று போய்விட்டார். அவசரக்காரர் என்று பெயர் எடுத்தவர் அவர்.

எட்டு நாள் கழித்துப் பதில் வந்தது. வேகத்துக்காகப் புதிதாகச் சேர்த்த ஒரு வழியில், டிஸ்க் எழுதி முடிக்கும் முன்பே ‘சேமித்தாயிற்று’ என்று சொல்லிவிடுகிறது. வேகமான டிஸ்கில் அந்த இடைவெளி கண்ணில் படாத அளவு சிறியது என்றார்கள். வெளியீட்டைத் தள்ளி வைத்து, திருத்திய பிரதியை அனுப்பினார்கள். அக்கா அதற்கும் தயவு காட்டவில்லை. நூற்றுத் தொண்ணூற்றொன்பது முறை பிடுங்கிவிட்டு, டாக்டரைக் கூப்பிட்டார்.

“கடைசி ஒண்ணு நீங்க பிடுங்குங்க சார்.”

“ஷாக் அடிக்காதே?”

“அடிச்சா பக்கத்துலதானே ரத்த வங்கி.”

டாக்டர் பிடுங்கினார். கிளப்பி எண்ணினோம். சொன்ன எண்ணும் இருந்த எண்ணும் ஒன்று.

“பாகற்காய் இருக்கா?”

“இருக்கு சார். மாத்தலாம்.”

புதிய பதிப்பு வெளிவந்த செவ்வாய்க்கிழமையே மாறினோம். அன்று மதியம் நான் ஒரு பையைக் கழித்தேன். பதிந்தேன். திரை ‘சேமித்தாயிற்று’ என்றது. திரும்பிப் பார்க்காமல் அடுத்த பையை எடுத்தேன்.