வேதியியல்காரியின் சனிக்கிழமைகள்

ஊட்டிக் கல்லூரியில் நான் எடுத்திருந்த பாடம் வேதியியல். கதை, கட்டுரை எழுதப் பழக்கும் வகுப்பு தமிழ்த்துறை மாணவர்களுக்கானது. சனிக்கிழமை மதியம் நடக்கும். அந்த வகுப்புக்கு நான் போனதற்குக் காரணம் மழைதான்.

அன்று விடுதி அறை முழுக்க ஈரத்துணி தொங்கியது. நான் போர்வைக்குள் சுருண்டிருந்தேன். அருவங்காட்டுக் குடியிருப்பில் வளர்ந்த என் அறைத்தோழி தமிழ் படித்துக்கொண்டிருந்தாள். அவள் போர்வையைப் பிடித்து இழுத்தாள்.

"சும்மா கெடந்து என்ன பண்ணப்போற? வா புள்ள, டீயும் வர்க்கியும் குடுக்கறாங்களாமா."

ஊட்டி பேக்கரிகளின் அந்த மொறுமொறு வர்க்கிக்காகத்தான் போனேன். பாடம் நடத்தியவர் சமவெளியிலிருந்து புதிதாக வந்த இளம் விரிவுரையாளர். குளிர் தாங்காமல் இரண்டு சால்வை போர்த்தியிருந்தார். என்னை விரட்டிவிடுவார் என்று நினைத்தேன்.

"வேதியியலா? நல்லதாப் போச்சு. இங்க எல்லாரும் நிலாவப் பத்தியே எழுதறாங்க. உக்காருங்க" என்றார்.

காலையில் சாப்பிட்டதைப் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொன்னார். எழுதி வாசித்தேன். "பாணைச் சம்பலில் தொட்டுச் சாப்பிட ஆசை, கிடைத்ததோ உப்புமா" என்ற வரி வந்ததும் பின்வரிசையில் ஒருவன் எழுந்தான்.

"ஏனுங்க, பாணுன்னா என்னங்க?"

எனக்கு முகம் சூடாகிவிட்டது. என் பன்னிரண்டாவது வயதில் நாங்கள் இலங்கைத் தோட்டத்திலிருந்து இங்கே வந்தோம். விடுதியில் 'சிலோன் பொண்ணு' என்று பேர் விழுந்துவிடும் என்று பாணை ரொட்டி என்றும் சவர்க்காரத்தைச் சோப்பு என்றும் கவனமாக மாற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். அவசரத்தில் பேனா காட்டிக்கொடுத்துவிட்டது. ரொட்டிதான் பாண், தேங்காய்த் துவையல் மாதிரிதான் சம்பல் என்று சொன்னேன். "பாண், பாண்" என்று வகுப்பே சொல்லிப் பார்த்தது. அவர்களுக்கு அந்தச் சொல் பிடித்துப்போனது. வேறென்ன இருக்கிறது, இன்னும் சொல்லு என்று கேட்டார்கள். அன்று தேநீர் ஆறும்வரை சொல்லிக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம், நீங்கள் போன ஒரு பயணத்தை எழுதுங்கள் என்றார். எனக்குத் தெரிந்தது ஆய்வக ஏடு எழுதும் முறை ஒன்றுதான். 'நோக்கம்: இந்தியா வருதல். தேவையான பொருட்கள்: கப்பல் ஒன்று, குடும்பம் ஒன்று, தகரப்பெட்டிகள். செய்முறை: தலைமன்னாரில் ஏறி இராமேசுவரத்தில் இறங்கினோம். முடிவு: வந்து சேர்ந்தோம்.'

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. எனக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

"முடிவு சரிதான். செய்முறைதான் காணோம். கப்பல்ல என்னதான் நடந்துச்சு?" என்றார் விரிவுரையாளர்.

சொன்னேன். பெட்டிக்கு இவ்வளவு எடைதான் என்று யாரோ புரளி கிளப்பிவிட்டார்கள். அதை நம்பி அம்மா மூன்று சேலையை ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டிக்கொண்டு கப்பலேறினாள். அப்பாவுக்குச் சட்டைமேல் சட்டை. அலை தூக்கிப் போட்டதும் அம்மாவால் குனியவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, கப்பலோட்டியைத் திட்டிக்கொண்டே வந்தாள். இறங்கியதும் எங்களைத் தங்கவைத்த மண்டபம் முகாமின் வெயிலில் ஒவ்வொரு சேலையாக அவிழ்க்க அவிழ்க்க, "இந்தப் பொம்பளைக்கு உள்ள ஆளே இல்ல போல" என்றார் அப்பா.

"இப்பச் சொன்னதை அப்படியே எழுதிட்டு வாங்க" என்றார் அவர்.

அந்த வாரம் முழுவதும் அதே நினைப்பு. ஆய்வகத்தில் கரைசல் நிறம் மாறியதை 'வெட்கப்பட்டதுபோல் சிவந்தது' என்று ஏட்டில் எழுதிவிட்டேன். வேதியியல் ஆசிரியர் அதைச் சிவப்பு மையால் அடித்து, 'இளஞ்சிவப்பு. அது போதும்' என்று குறித்திருந்தார். அதையும் வகுப்பில் காட்டினேன். சால்வைக்காரர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு, "அவர் சொல்றதும் சரிதாங்க. பல இடத்துல அது போதும்" என்றார். என் கட்டுரையில் இருந்த உவமைகளில் பாதியை அன்றே எடுத்துவிட்டேன். மீதிப் பாதியை விட மனம் வரவில்லை.

கட்டுரை கல்லூரி மலரில் வந்தது. விடுமுறைக்கு அதை எடுத்துக்கொண்டு சேரங்கோடு போனேன். அங்கே அரசுத் தேயிலைத் தோட்டத்தில்தான் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வேலை. ஞாயிற்றுக்கிழமை எங்கள் லயத்து வீட்டு வாசலில் உட்கார்ந்து படித்தேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். சேலைக் கதை வந்ததும் அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"அடியேய், இதையுமா எழுதுவாக?"

"புள்ள எழுதுனது தப்பு. மூணு சீல இல்ல, நாலு. நான்தானே கொசுவம் பிடிச்சுவிட்டேன்" என்றாள் எங்களோடு அதே கப்பலில் வந்த பக்கத்து வீட்டு அக்கா.

"மூணுதான்!"

"நாலு! அந்தப் பச்சய மறந்துட்டியா?"

அப்பா இரண்டு பக்கமும் சேராமல் பீடி பற்றவைத்தார். வாசலே இரண்டு கட்சியாகி, கடைசியில் அம்மாவே விட்டுக்கொடுத்து, "சரி, நாலுன்னே போடு" என்று சிரித்துவிட்டாள். கப்பலில் அப்பா போட்டுவந்த மழைக்கோட்டைப் பற்றி இனி நான் எழுதினால் தன்னைக் கேட்காமல் எழுதக் கூடாது என்றாள். அப்படி ஒரு மழைக்கோட்டுக் கதை இருப்பதே எனக்கு அதுவரை தெரியாது. அன்று சோறு ஆறிப்போனதை யாரும் கவனிக்கவில்லை.

திரும்பும் நாளில் கூடலூர் பஸ்ஸில், எங்கள் தோட்டத்துத் தேயிலை பேக்டரியில் வேலைசெய்யும் ஒருவர் என் முன் சீட்டில் ஏறி அமர்ந்தார். முழுதாகத் திரும்பி என்னைப் பார்த்தார்.

"நீதானே கப்பலப் பத்தி எழுதுன புள்ள? என் கதயக் கேளு. மண்டபம் கேம்புல வழிதவறி வேற குடும்பத்தோட வரிசையில நின்னுட்டேன். அவங்க என்னயச் சித்தப்பான்னு கூப்புட்டுச் சோறும் போட்டுட்டாங்க!"

கண்டக்டர் டிக்கெட் போடவந்தவர், கம்பியைப் பிடித்தபடி அங்கேயே நின்றுவிட்டார்.

"அப்புறம் என்னாச்சுங்க?" என்று நான் கேட்பதற்குள் அவரே கேட்டார்.