அந்த நோட்டில் எழுதியது அண்ணன் அல்ல

அண்ணன் எங்களை விட்டுப் போய் இந்த மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. திதிக்கு வந்திருக்கும் உறவினர் கையிலும் நண்பர் கையிலும் இந்தச் சிறு நினைவு மலரை வைக்கிறோம். கட்டுரையை நான் எழுத வேண்டும் என்று அண்ணி சொன்னபோது என் மைத்துனர் முகம் சுளித்தார். "அவர் எழுதினா இலை போடற இடத்துல சிரிச்சுத் தொலைப்பாங்க" என்றார். அவர் பயந்ததில் நியாயம் இருக்கிறது. துக்கம் விசாரிக்கப் போன வீடுகளில்கூட நான் இரண்டு பேரைச் சிரிக்க வைத்துவிட்டு வந்தவன். இந்தக் கட்டுரையிலும் சிரிப்பு வரலாம். வந்தால் அது என்னைப் பார்த்து வரட்டும்.

அண்ணன் துறையூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தார். அப்பா காலராவில் போனபோது அண்ணனுக்குப் பதினாறு வயது, எனக்கு மூன்று. அம்மாவையும் என்னையும் அழைத்துக்கொண்டு ஸ்ரீரங்கம் வந்து, திருச்சி பெரிய கடைவீதியில் ஒரு காகிதக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். காலையில் காவிரிப் பாலத்தைத் தாண்டி நடந்து போவார், மாலையில் நடந்தே திரும்புவார். பத்து வருஷத்துக்குப் பிறகு சித்திரை வீதியில் சொந்தமாக ஒரு நோட்டுப் புத்தகக் கடை வைத்தார். என்னைப் படிக்க வைத்தார். தாலுகா ஆபீஸில் எனக்குக் குமாஸ்தா வேலை கிடைத்த அன்று கடையை அரை நாள் மூடினார். அவர் கடை மூடியதாக எனக்கு நினைவில் இருப்பது அந்த ஒரு நாள்தான்.

எங்கள் பகுதிப் பள்ளிக்கூடத்தின் நிர்வாகக் கமிட்டிக்கு அண்ணனை மெம்பராகப் போட்டார்கள். மொத்தம் ஐந்து மெம்பர்கள். அண்ணன் சேர்ந்த மறுநாளே ஊர் அதற்குக் காரணம் கண்டுபிடித்துவிட்டது. "பள்ளிக்கூடத்துக்கு நோட்டு விக்கத்தான் உள்ளே போயிருக்காரு." அண்ணன் காதில் இது விழுந்தது. அன்றிலிருந்து அந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு குயர் காகிதம்கூட அவர் கடையிலிருந்து போகவில்லை. ஊர் அதையும் பார்த்துவிட்டு, "நல்லவர்னு பேர் வாங்கறதுக்கு இது ஒரு வழி" என்றது. ஒரு மனிதன் எந்தப் பக்கம் திரும்பினாலும் அங்கே ஒரு உள்நோக்கம் உட்கார்ந்திருக்கும் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பாதிப் பேராவது, சயின்ஸ் வாத்தியார் சவரிமுத்துவின் வேலையைப் பறித்தவர் அண்ணன் என்று இன்றுவரை நம்புகிறீர்கள். வீட்டுக்கு வந்து காபி குடித்துவிட்டு, வெளியே போய் அதைப் பேசியவர்களும் உங்களில் இருக்கிறீர்கள். நடந்தது இதுதான்.

சவரிமுத்து வாத்தியார் பாலக்கரையிலிருந்து பஸ்ஸில் வந்து போவார். பையன்களுக்கு அவர்மேல் உயிர். பரீட்சையில் காப்பி அடித்த ஒருவனை அவர் பிடித்து வெளியே அனுப்பினார். அவன் ஒரு பெரிய மளிகைக்கடைக்காரரின் மகன், மளிகைக்கடைக்காரர் கமிட்டியில் ஒரு மெம்பர். வாத்தியாரை நீக்க வேண்டும் என்று அவர் எழுதிக் கொடுத்தார். பள்ளிக்கூடத்தின் செயலர் அதை ஒரு நோட்டில் எழுதி, பியூன் கோவிந்தன் கையில் கொடுத்து மெம்பர்கள் வீட்டுக்கு அனுப்பினார். கூட்டம் போட நேரமில்லாத காரியங்களுக்கு அதுதான் அங்கே வழக்கம். மெம்பர்கள் படித்துவிட்டு அதன் கீழே எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும்.

அந்த நோட்டு வரும் என்று அண்ணனுக்குத் தெரியும். அண்ணியின் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று இரண்டு பேரும் துறையூருக்குக் கிளம்பும்போது, "நோட்டு வந்தா நான் வந்து எழுதறேன்னு சொல்லித் திருப்பி அனுப்பிடு. நீ தொடாதே" என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனார். கடையைப் பார்த்துக்கொள்ள என்னை உட்கார வைத்தார். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. மீசை வந்திருந்தது, தைரியம் இன்னும் வந்து சேரவில்லை. வேலை நிரந்தரமாகவில்லை. கடையில் உட்காருவதற்காக ஆபீஸுக்கு, கடுமையான வயிற்றுப்போக்கு, எழுந்து நடக்க முடியவில்லை என்று லீவு லெட்டர் கொடுத்திருந்தேன்.

பகல் பதினொரு மணிக்குக் கோவிந்தன் நோட்டோடு வந்து நின்றார். அண்ணன் ஊரில் இல்லை என்றேன்.

"அப்ப நீங்க போட்டுக் குடுங்க தம்பி. மத்தவங்க நாலு பேரும் எழுதியாச்சு."

"நாளைக்கு வரக்கூடாதா?"

"நாளைக்கு என்ன, நாளன்னைக்குக்கூட வரேன். யாரு திருப்பி அனுப்பினதுன்னு செயலர் கேப்பாரு. தம்பி கடையில உக்காந்திருந்தாரு, நல்லாத்தான் இருந்தாருன்னு சொல்லிடறேன்."

கோவிந்தன் மேல் குற்றமில்லை. அவர் உள்ளதைத்தான் சொன்னார். ஆனால் செயலர் எங்கள் தாசில்தாரின் சொந்த மைத்துனர். நல்லாத்தான் இருந்தாரு என்ற வார்த்தை செயலர் வீட்டு ஊஞ்சலிலிருந்து தாசில்தார் மேஜைக்குப் போய்ச் சேர எத்தனை நேரமாகும் என்று என் மனம் கணக்குப் போட்டது. அந்த நிமிஷம் லீவு லெட்டரில் எழுதியிருந்த வியாதி எனக்கு உண்மையாகவே வந்துவிடும் போலிருந்தது. நோட்டைப் பிரித்தேன். பள்ளியின் நலன் கருதியும் என்று தொடங்கி அரைப் பக்கத்துக்கு ஒரே வாக்கியம். அதன் கீழே இரண்டு பேர் 'ஆட்சேபிக்கிறேன்' என்று எழுதியிருந்தார்கள், இரண்டு பேர் 'பார்த்தேன்' என்று எழுதியிருந்தார்கள். ஆட்சேபிப்பது சண்டை. பார்ப்பதில் என்ன சண்டை இருக்கிறது? கோயில் யானையைக்கூடத்தான் தினமும் பார்க்கிறோம். இரு பக்கத்துக்கும் பொல்லாப்பில்லாத வார்த்தை என்று நினைத்து, 'பார்த்தேன்' என்று எழுதி அண்ணன் கையெழுத்தைப் போட்டேன். ரயில்வே பார்சல் வரும்போதெல்லாம் கடையில் அவர் கையெழுத்தைப் போடுகிறவன் நான்தான். அச்சு அசலாக விழுந்தது. அதைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மூன்றாம் நாள் அண்ணன் திரும்பினார். பஸ்ஸை விட்டு இறங்கிய இடத்திலேயே யாரோ கேட்டிருக்கிறார்கள், "என்னங்க, வாத்தியாரை வீட்டுக்கு அனுப்பிட்டீங்களாமே" என்று. வீட்டுக்குள் வந்து பையைக்கூட வைக்கவில்லை.

"நோட்டு வந்துச்சா?"

"வந்துச்சுண்ணே."

"முழுசும் படிச்சியா?"

"பாதி படிச்சேன்."

"என்ன எழுதினே?"

"பார்த்தேன்னு."

அண்ணன் கீழே உட்கார்ந்துவிட்டார். "அங்க பார்த்தேன்னா சம்மதம்னு அர்த்தம்டா. ஒருத்தனை வேலையைவிட்டு எடுக்கறதுக்குச் சம்மதம்னு யாரு தன் கையால எழுதுவாங்க? அதனால பார்த்தேன்னு எழுதுவாங்க. ரெண்டு பேர் வேணாம்னாங்க. ரெண்டு பேர் வேணும்னாங்க. மூணாவது நான்."

என்னை அடித்திருந்தால் நான் இன்று இதை எழுத வேண்டியிருக்காது. அவர் அடிக்கவில்லை. சட்டையை மாற்றிக்கொண்டு செயலர் வீட்டுக்குப் போனார். நான் பின்னாலேயே போய் வாசலில் நின்றேன். செயலரும் அண்ணனும் பன்னிரண்டு வருஷப் பழக்கம். அண்ணன் ஊரில் இருக்கும் நாட்களில் சாயங்காலம் செயலர் கடைக்கு வந்து உட்காருவார், நேரம் போவது தெரியாமல் பேசுவார்கள். அண்ணன் அவரிடம் ஒன்றும் மறைக்கவில்லை. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு செயலர் சொன்னார், "இதுக்குப் போயி ஏன் இப்படி வேர்க்குது உங்களுக்கு? அடுத்த மீட்டிங்ல நானே எடுத்துப் பேசறேன். பார்த்தேன்னு எழுதினது சம்மதம் இல்லே, சும்மா பார்த்ததுதான்னு மினிட்ஸ்ல ஏத்திடலாம். தம்பி பேரு வெளியில வராது. நான் இருக்கேன், போங்க." திரும்பும் வழியில் அண்ணன் எனக்கு ஒரு வெற்றிலை பாக்கு வாங்கிக் கொடுத்தார். அவ்வளவு நம்பிக்கை.

அந்தக் கூட்டத்தில் அண்ணன் எழுந்து, தான் சம்மதிக்கவில்லை என்றார். செயலர் மற்றவர்களைப் பார்த்துச் சொன்னாராம், "ஊர் சத்தம் போட்டதும் மெம்பர் மனசை மாத்திக்கிட்டாரு. இதை இப்படியே எழுதிக்கலாமா?" பிறகு அண்ணன் பக்கம் குனிந்து மெதுவாக, "இதுக்கு மேல பேசினீங்கன்னா கையெழுத்து யாருதுன்னும் பேச வேண்டி வரும்" என்றாராம். அண்ணன் உட்கார்ந்துவிட்டார். அன்றே மெம்பர் பதவியை ராஜினாமா செய்தார். ஆட்சேபித்த இரண்டு மெம்பர்களும் வாயைத் திறக்கவில்லை. வெளியே வந்து மட்டும், "ரெண்டு பக்கமும் பேசற ஆளு" என்று சொன்னார்கள்.

காதோடு காதாகச் சொன்ன அந்த வார்த்தை எனக்குப் பத்து வருஷத்துக்கு மேல் தெரியாது. மீட்டிங்கில் முடியவில்லை என்று மட்டும் அண்ணன் சொன்னார். நானும் அதற்குமேல் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம்.

ஊருக்கு இப்போது நிறையக் காரணங்கள் கிடைத்தன. வாத்தியார் பையன்களை வேறு கடையில் நோட்டு வாங்கச் சொன்னாராம். அண்ணன் மகனுக்கு சயின்ஸில் மார்க்கு குறைந்ததாம். அந்த வேலைக்கு அண்ணி வீட்டு ஆள் ஒருவர் தயாராக இருக்கிறாராம். பள்ளிக்கூடச் சுவரில் கரியால் அண்ணனைப் பற்றி எழுதினார்கள். வருஷக்கணக்காகக் கடைக்கு வந்தவர்கள் எதிர்ச்சாரியில் நடந்தார்கள். அண்ணன் மகள் கல்யாணப் பேச்சில் மாப்பிள்ளை வீட்டார், "அந்த வாத்தியார் விஷயம் என்னங்க?" என்று கேட்டார்கள். அந்த இடம் கை கூடவில்லை. அண்ணன் யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை. ஒரு வார்த்தை சொன்னால் என் வேலை போகும்.

அந்த நாட்களில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று நீங்கள் கேட்கலாம். நான் காபி கிளப்பில் இருந்தேன். ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டு, "உங்க அண்ணன் என்னய்யா, சம்மதிக்கலே, சும்மா பார்த்தேன்கிறாராமே?" என்றார். எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். "எங்க அண்ணன் சும்மா பார்த்தாலே போதுங்க, பால் திரிஞ்சிடும்" என்றேன். கிளப்பே சிரித்தது. அந்தச் சிரிப்பில் நான் தப்பித்துக்கொண்டேன். ஒரு வாரத்தில் அந்தப் பேச்சு ஸ்ரீரங்கத்தைச் சுற்றிவிட்டுத் திருச்சிக்கும் போய்விட்டது. உங்களில் பலர் அதைச் சொல்லியிருக்கிறீர்கள். சொன்னது யார் என்று இப்போது தெரிந்துகொள்ளுங்கள்.

ஒரு நாள் சாப்பிடும்போது அண்ணன் கேட்டார், "அந்தப் பால் திரியற பேச்சு உன்னோடதா?"

"ஆமாண்ணே."

"நெனச்சேன். இந்த ஊர்ல வேற யாருக்கும் இவ்வளவு சுருக்கமா வராது" என்றார். சொல்லிவிட்டு மோர் ஊற்றிக்கொண்டார்.

வாத்தியாருக்கு எட்டு மாதம் வேலை இல்லை. பிறகு திருச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்ந்தார். அந்த எட்டு மாதமும் அண்ணன் ஞாயிற்றுக்கிழமைகளில் சரக்கு எடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடம் நடத்துகிறவர்களின் வீடுகளுக்குப் போய், நல்ல வாத்தியார் ஒருவர் இருக்கிறார் என்று சொல்லிக்கொண்டிருந்தார். இது அவரோடு துணைக்குப் போன அண்ணி சொல்லித்தான் தெரியும்.

போன வருஷம் அண்ணனுக்கு இருதயம் பலவீனமாகி, திருச்சியில் ஆஸ்பத்திரியில் இருபது நாள் இருந்தார். பேசக் கஷ்டப்பட்டார். பேசியதெல்லாம் கடையைப் பற்றியும் பேரன் பேத்திகளைப் பற்றியும்தான். நான் பக்கத்திலேயே இருந்தேன். அவர் காது கேட்கச் சொல்லிவிடலாம், ஊரைக் கூட்டிச் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தேன். ஒவ்வொரு நாளும் நர்ஸைச் சிரிக்க வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். கருமாதி முடிந்த மறுநாள்தான் செயலர் காதில் சொன்ன வார்த்தையை அண்ணி என்னிடம் சொன்னார். இவ்வளவும் தெரிந்துகொண்டுதான் அவர் எனக்கு இத்தனை வருஷமும் இலை போட்டிருக்கிறார்.

இதை அச்சுக்குக் கொடுக்கும் முன்பு பாலக்கரைக்குப் போய்ச் சவரிமுத்து வாத்தியாரிடம் படித்துக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"கடைவீதியில அவர் எதுத்தாப்பல வந்தா நான் சைக்கிளைத் திருப்பிக்கிட்டுப் போயிருவேங்க. ஒரு தடவை ரெண்டு தடவை இல்லே. அவர் நின்னு கும்பிடுவாரு. நான் ஒரு நாளும் கும்பிட்டதில்லே" என்றார். அப்புறம் என்னைப் பார்த்து, "உங்களை மன்னிக்கறதா வேணாமான்னு இப்பச் சொல்ல முடியலே. என் பேரை மாத்தாமப் போடுங்க" என்றார்.

பெயரை மாற்றாமல் போட்டிருக்கிறேன். என் பெயரும் உத்தியோகமும் அட்டையில் இருக்கின்றன. ஆபீஸுக்கு ஒரு பிரதி அனுப்பியாயிற்று. அவர்கள் என்ன செய்வார்களோ தெரியாது. இம்முறை நோட்டைத் திருப்பி அனுப்பச் சொல்ல அண்ணன் இல்லை.

ஆஸ்பத்திரியில் அண்ணனைக் கவனித்துக்கொண்ட டாக்டருக்கும் நர்ஸுகளுக்கும், ஊர் ஒதுங்கிய நாட்களிலும் பழைய பாக்கியைக் கேட்காமல் சரக்கு அனுப்பிய பெரிய கடைவீதி நண்பர்களுக்கும், கடைசி யாத்திரையில் தோள் கொடுத்தவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. கடைசிவரை அவரைத் தப்பாகப் பேசாத மிகச் சில பேருக்குத் தனியாக நன்றி. நீங்கள் யாரென்று உங்களுக்குத் தெரியும்.

அண்ணிக்கு நன்றி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. இந்தக் கட்டுரையை முதலில் படித்தவர் அவர்தான். ஒரு எழுத்தைக்கூட மாற்றச் சொல்லவில்லை. தாளை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "இதை அவர் இருக்கும்போது எழுதியிருக்கலாமே தம்பி."