வேலைநிறுத்த நாளில் ரொறன்ரோவிலிருந்து கல்கரிக்கு

கல்கரியில் காலமான என் அண்ணாவின் அந்தியேட்டி, அதாவது முப்பத்தோராம் நாள் கிரியை, சனிக்கிழமை காலை. செத்தவீட்டுக்குத்தான் போகக் கிடைக்கவில்லை, இதற்காவது போய்ச் சேர வேண்டும் என்று வெள்ளிக்கிழமை விமானத்துக்குப் பதிந்திருந்தேன். விமானப் பணியாளர்கள் வேலைநிறுத்தம் செய்யலாம் என்று செய்தியில் சொன்னார்கள். முருகன் பார்த்துக்கொள்வான் என்று வெளிக்கிட்டேன்.

எங்கள் வீடிருக்கும் மல்வேர்னிலிருந்து விமான நிலையம் 38 கிலோமீற்றர். காலை 6.10க்குப் புறப்பட்டு, 401 நெடுஞ்சாலையில் ஊர்ந்து, 7.05க்குக் கணவர் இறக்கிவிட்டார். உள்ளே பலகையில் என் விமானம் ரத்து. கண்ணாடிக்கு வெளியே பார்த்தேன். வரிசை வரிசையாக விமானங்கள், ஒன்றும் அசையவில்லை. தேநீர் ஊற்றித் தரும் கைகள் நின்றால் இத்தனை பெரிய இயந்திரங்களும் நின்றுவிடுமா! திரும்பவும் வெளியே வந்தேன்.

வாசலில் சீருடையோடு பதாகை பிடித்து நடந்தவர்களில் ஒருத்தி தமிழ்ப் பிள்ளை.

"அன்ரி, எங்க போகோணும்?"

"கல்கரி. நாளைக்கு அண்ணாவின்ர அந்தியேட்டி. உங்களாலதான் பிள்ளை இதில நிக்கிறன்."

"ஓம் அன்ரி, எங்களாலதான். சொறி." முகம் வாடிவிட்டது. "கதவு மூடி பிளேன் அசைஞ்சாத்தான் எங்களுக்குச் சம்பளம். அதுவரைக்கும் பை தூக்கிறது, அழுற பிள்ளையைப் பராக்காட்டுறது எல்லாம் சும்மா."

"உண்மையாவோ?"

"பின்ன? என்ர அம்மாவே நம்பேல்லை."

அந்நேரம் விமான நிறுவனத்திடமிருந்து கைபேசிக்குத் தகவல் வந்தது. பணத்தைத் திருப்பி வாங்க ஒரு பொத்தான். காசுக்குக் கணக்குப் பார்க்கிற கை அல்லவா, விரல் தானாகப் போய்விட்டது.

"ஐயோ, உந்தப் பொத்தானை அமத்தாதேங்கோ! காசை வாங்கினா அவை கைகழுவிடுவினம். வேற எயர்லைன்ல சீற் கேளுங்கோ!"

தன் சம்பளத்துக்காக நிற்கிறவள், என்னிடம் ஏச்சு வாங்கியபின்னும், எனக்கு வழி சொல்கிறாள். கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

வரிசையில் 3 மணி 20 நிமிடம் நின்றேன். கவுண்டரில் இரண்டு தரம் காசு தருவதாகச் சொன்னார்கள். "சீற்தான் வேணும்" என்று அசையாமல் நின்றேன். வேறு நிறுவனத்தின் பின்னேரம் 4.40 விமானத்தில் இடம் கிடைத்தது. சனிக்கிழமை காலை அண்ணாவின் படத்துக்குப் பூ வைத்தேன்.

வேலைநிறுத்தச் செய்தி வந்தால் ஒரு நாள் முந்திப் பதியுங்கள். சைவக்காரர் சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். காசு தருகிறோம் என்றதும் தலையாட்டாதீர்கள். ஏறும்போது உங்கள் பையை நீங்களே தூக்கி வையுங்கள். அன்று நான் ஏறியதிலிருந்து விமானம் அசையும்வரை கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தேன். 47 நிமிடம்.