லோகேஸ்வரியின் பெயரில் ஒரு கேட்

பிரிக்பீல்ட்ஸில் எங்கள் நிறுவனம் நடத்தும் கார் நிறுத்துமிடத்தில் கேட்டை ஏற்றி இறக்குவது ஒரு சின்ன லினக்ஸ் கணினிப் பெட்டி. அதன் கட்டளையை மோட்டாருக்குப் புரியவைக்கும் லைப்ரரி என்ற நிரல்தொகுப்பை, மூலநிரலிலிருந்து கம்பைல் செய்து அமைத்தவர் லோகேஸ்வரி அக்கா. கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் வருவார். ஒப்பந்த ஊழியர்.

யார் கணக்கு போனாலும் அழியாதபடி பெட்டியின் பொது இடத்தில் அதை நிறுவ நிர்வாகி பாஸ்வேர்ட் வேண்டும். சூப்பர்வைசர் ராஜனிடம் கேட்டார். ஒப்பந்த ஆட்களுக்குக் கிடையாது, இருப்பதை வைத்து ஓட்டு என்றார் ராஜன். அக்கா தன் கணக்கின் கோப்புறைக்குள்ளேயே நிறுவினார், தற்காலிகமாக. எங்கள் அலுவலகத்தில் தற்காலிகம் என்றால் அக்காவைப் போல. வருஷா வருஷம் நீளும்.

இந்த வருஷம் அக்காவுக்கு நீளவில்லை. போனவர்களின் கணக்கை அழிப்பது வழக்கம். ராஜன் அழித்தார், கோப்புறையும் கூடவே போயிற்று. ஓடிக்கொண்டிருந்த நிரலுக்கு அது உறைக்கவில்லை. மறுநாள் மழையில் மின்சாரம் போய் வந்ததும் பெட்டி தன் லைப்ரரியைத் தேடியது. கேட் படுத்தேவிட்டது. உள்ளே மாட்டிய கார்கள் ஹாரன் அடித்தன.

அந்த நேரம் பார்த்து, அக்காவை வேலைக்கு எடுக்கவிருந்த காஜாங் நிறுவனம் ராஜனிடம் விசாரித்தது. வேண்டுமென்றே கெடுத்துவிட்டுப் போனவள் என்றார் ராஜன். அக்கா பாஸ்வேர்ட் கேட்டதைப் பக்கத்திலிருந்த நான் அவருக்கு நினைவூட்டினேன்.

"உன் வேலைய பாரு லா, தம்பி."

பிறகு அக்காவையே அழைத்தார். வந்து சரிசெய்தால் காஜாங்கில் பேசித் திருத்துவதாகச் சொன்னார். அக்கா வந்தார். காவலர் அறையில் உட்கார்ந்து, மூலநிரலை இறக்கி மறுபடி கம்பைல் செய்தார். திரையில் வரிகள் எறும்புச் சாரையாக ஊர்ந்தன.

"பாஸ்வேர்ட் போடுங்கண்ணே, இந்தத் தடவ பொது இடத்துல வெச்சிடுறேன்."

"வெளி ஆளுக்கு எப்படிம்மா? பழைய மாதிரியே போடு."

அழித்த கணக்கை அக்காவின் பெயரிலேயே ராஜன் திரும்ப உருவாக்கினார். கேட் எழுந்தது. காஜாங்குக்கு அழைக்க அவர் கைப்பேசியை எடுக்கவில்லை. தே தாரிக் குடிக்கப் போய்விட்டார்.

அக்கா காத்திருந்தார். காஜாங்கிலிருந்து செய்திதான் வந்தது: வேறு ஆளை எடுத்துவிட்டார்களாம். படித்துவிட்டு மடிக்கணினியைப் பையில் வைத்தார்.

"ஆளு வேணாமாம். பேரு மட்டும் வேணுமாம்," என்றார் என்னிடம்.

கேட்டுக்கும் சுவருக்கும் நடுவே ஆள் நுழையும் இடுக்கு உண்டு. அதன் வழியாக ஒருக்களித்து வெளியேறினார். பின்னாலேயே வந்த மைவி காருக்குக் கேட் உயர்ந்தது.